எழுதாமல் போன ஒரு வரி

அத்தியாயம் 9

ரீவா பள்ளிக்கூடச் சமையலறையில் விழுந்து அன்றோடு ஒன்பது நாள்.

சோள ரொட்டித் தட்டை அடுப்பிலிருந்து எடுத்துத் திரும்பியபோதுதான் விழுந்தாள். இடது கால் சொன்னபடி கேட்கவில்லை. தரை ஈரமாக இருந்தது. அது பாத்திரம் கழுவிய தண்ணீர் இல்லை, தன்னிடமிருந்துதான் வந்தது என்று புரிந்ததும், "பிள்ளைங்களை உள்ள விடாதீங்க, கதவைச் சாத்துங்க" என்று மட்டும் கத்தியிருக்கிறாள். அன்று மாலையே அவர்கள் ஊரான அயர்ன்டனிலிருந்து பாலத்தைக் கடந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முதுகைத் திறந்தார்கள். முதுகெலும்புகளுக்கு இடையிலிருந்து பிதுங்கிய வட்டு ஒன்று நரம்புக் கொத்தை நசுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் சில வாரம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த சர்ஜன், ரீவாவின் கணவன் கார்லண்டின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி வாக்கியத்தை டானிட்டா ஒன்பது நாளாகத் தனக்குள் முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டானிட்டா ரீவாவின் அக்கா. ஐந்து வயது மூத்தவள். தாய் போனபின் தங்கைக்கு எல்லாமே அவள்தான் என்று ஊரே சொல்லும்.

செப்டம்பரில் ஊர் கிளினிக் டாக்டர் ஹாஸ்கல் ரீவாவின் முதுகுக்கு ஸ்கேன் கேட்டு எழுதினார். இன்சூரன்ஸ் மறுத்தது. முதலில் ஆறு வாரம் மருந்தும் உடற்பயிற்சியும், பிறகு பார்க்கலாம் என்றது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரிடம் இடம் கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மருந்து மட்டும் அன்றைக்கே கிடைத்தது. இதைக் கார்லண்ட் கல்குவாரியில் சொன்னான், சர்ச் வாசலில் சொன்னான், பெட்ரோல் போடுகிற இடத்திலும் சொன்னான்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு.

இருபத்திரண்டு வருஷம் வார்டில் நர்ஸாக நின்றவள் டானிட்டா. ஒரு நோயாளியைத் தூக்கும்போது தோள்பட்டை போனது. நான்கு வருஷமாக வீட்டுச் சமையலறை மேஜையிலேயே வேலை. டாக்டர்கள் அனுப்பும் ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் படிப்பாள். விதிப்படி எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் சரி. இல்லாவிட்டால் மறுப்புக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவாள். குடும்பத்துக்கு அவள் ஏதோ இன்சூரன்ஸ் காகிதம் பார்க்கிறாள் என்ற அளவில் தெரியும். ரீவாவின் இன்சூரன்ஸ் அட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயர் வேறு. அந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபைல் படிக்கிற கம்பெனிதான் டானிட்டாவுடையது என்பது யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் பதினேழாம் தேதி, காலை பத்தரை மணிக்கு, திரையில் வந்து நின்ற பெயர் ரீவா ஜீன் மேனர்டு.

சொந்தக்காரர் ஃபைல் வந்தால் படிக்கக்கூடாது, ஒரு பட்டனை அமுக்கி வேறொருவருக்குத் தள்ளிவிட வேண்டும். அதுதான் விதி. டானிட்டா அமுக்கினாள். ஆனால் அமுக்குவதற்கு முன்னால் படித்துவிட்டாள். மொத்தம் பத்து வரி. மூன்று வாரமாக முதுகு வலி, மாத்திரை கொடுத்திருக்கிறது, ஸ்கேன் தேவை. அவ்வளவுதான் எழுதியிருந்தார் ஹாஸ்கல். கால் பலம் குறைகிறது என்ற ஒரு வரி இல்லை. அந்த வரி இருந்தால் ஸ்கேன் அன்றைக்கே கிடைக்கும். இல்லாவிட்டால் ஆறு வாரம். டானிட்டாவே எத்தனையோ பேருக்கு அந்த ஆறு வாரத்தை எழுதி அனுப்பியிருக்கிறாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சர்ச்சிலிருந்து வரும்போது ரீவா சொல்லியிருந்தாள்: "இடது கால் இழுக்குதுக்கா. செருப்பு கழண்டு விழுறதுகூடத் தெரியல."

ஒரு போன் செய்திருந்தால் போதும். 'டாக்டர்கிட்ட கால் இழுக்குதுன்னு எழுதச் சொல்லு' என்று ஐந்து விநாடிப் பேச்சு. அதுவும் விதிக்கு விரோதம். முந்தின வருஷம் தன் அண்ணன் மகனுக்காக அப்படி ஒரு போன் செய்த ஒருத்தியை மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை ஹாஸ்கலே எழுதிவிடுவார் என்று டானிட்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு, அடுத்த ஃபைலைத் திறந்தாள்.

ரீவா விழுந்த ஒன்பதாவது நாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, போன் அடித்தது. கார்லண்ட்.

"நர்ஸம்மா, எழுந்தாச்சா?" பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். இன்று குரலில் மட்டும் அந்தக் கேலி இல்லை. "மறுபடியும் முடியாதுன்னுட்டானுங்க."

"எதை?"

"நடக்கப் பழக்குற இடத்துக்கு அனுப்பணும்னு எழுதினாங்கல்ல? அதை. முதியோர் இல்லத்துக்குப் போகட்டும், இல்லேன்னா வீட்டுக்குப் போகட்டும்னு கடிதாசி வந்திருக்கு. நாப்பத்தாறு வயசுப் பொம்பளைக்கு முதியோர் இல்லமாம்! மூணு மணிக்குள்ள இங்க இருக்கிற டாக்டர் அவனுங்க டாக்டர்கிட்டப் போன்ல பேசிப் பார்க்கலாமாம். அதுக்கப்புறம் கதவு சாத்திடுமாம்."

"காரணம் என்ன போட்டிருக்கு?"

"எனக்கு என்ன எழவு புரியுது? தகுதி இல்லேன்னு போட்டிருக்கு. நடக்க முடியாதவளுக்கு நடக்கப் பழகத் தகுதி இல்லையாம். நீ வா. அவனுங்க பாஷை தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

போனை வைத்துவிட்டு டானிட்டா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். யார், எந்த ஃபைலை, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று எல்லாமே பதிவாகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். செப்டம்பரில் பட்டனை அமுக்கியது அதே விரல்தான்.

ஏழு நாற்பத்திரண்டுக்குத் தங்கையின் ஃபைலைத் திறந்தாள்.

மறுப்புக்கு மூன்றே வரி. நோயாளி எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரப் பயிற்சியைத் தாங்கமாட்டார். ஆகவே தகுதி இல்லை.

கீழே மாத்திரைப் பட்டியல் இருந்தது. டானிட்டா ஒவ்வொன்றாகப் படித்தாள். நரம்பு வலிக்கு ஹாஸ்கல் கொடுத்த மாத்திரை. அதே நரம்பு வலிக்கு, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மாத்திரை, ஆஸ்பத்திரியில் சேர்த்தது. தசை இறுக்கத்துக்கு ஒன்று. தூக்கத்துக்கு ஒன்று. மனசு சோர்வுக்கு ஒன்று. இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கிய குமட்டலுக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று. மொத்தம் ஏழு. ஒவ்வொரு டாக்டரும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார். எதையும் எடுத்தவர் யாருமில்லை.

அவளைத் தூங்கவைத்ததும் இவர்கள். தூங்குகிறாள், லாயக்கில்லை என்று சொல்வதும் இவர்கள்.

'இவர்கள்' என்று நினைத்ததும் அவளுக்கே கூசியது. ஃபைலை மூடிவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

*

ரீவா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையை ஒரு துண்டால் மூடியிருந்தாள். பார்க்க வருகிறவர்களுக்காக அவளே மூடிவைப்பது. சதா கலகலவென்று பேசுகிறவள். பிள்ளைகளுக்கு இரண்டாவது கரண்டி பீன்ஸ் போடும்போது, "இது உன் வாத்தியார் பங்கு, சொல்லிடாதே" என்று சிரிப்பவள். இப்போது கண்ணைத் திறக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அக்கா... மணி என்ன?"

"பத்து. எப்படிடி இருக்கு?"

"தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்கு. நீ பேசுறது மேலேருந்து கேக்குது."

கார்லண்ட் ஜன்னலோரம் நின்றிருந்தான். குவாரி லாரி ஓட்டுகிற உடம்பு. அந்தச் சின்ன அறையில் எங்கே நின்றாலும் ஏதோ ஒன்றை இடித்தது. "காலையில ஒரு கோப்பை நிறைய மாத்திரை கொடுத்தாங்க. பல்லு கூட விளக்கல, அதுக்குள்ள."

"வலி மாத்திரை இல்லையே?" என்றாள் ரீவா, கண்ணை மூடியபடியே. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்கிற கேள்வி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இவர்களுடைய தம்பி டிவெய்னை, பழகிவிட்டால் ஆளை விடாத அந்த வலி மாத்திரைதான் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் ஆற்றின் இரண்டு கரையிலும் அது போகாத வீடு குறைவு. அதனால் ஹாஸ்கலிடம் ரீவா முதலிலேயே சொல்லிவிட்டாள், அது மட்டும் வேண்டாம் என்று. ஹாஸ்கலும் அதைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றையும் கொடுத்தார்.

"அது இல்ல ரீவா" என்றாள் டானிட்டா. "கார்லண்ட், இவ என்னிக்காவது தெளிவா இருந்தாளா? இங்க வந்ததுக்கப்புறம்?"

அவன் யோசித்தான். "சனிக்கிழமை. மருந்து கீழேருந்து மேல வரவே இல்ல. ஏதோ கம்ப்யூட்டர் கோளாறுன்னாங்க. மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் போடல. வலிக்குதுன்னு முனகினா, ஆனா என்கூடச் சண்டை போட்டா. ரெண்டு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா பாரு, நானே அசந்துட்டேன். காலையில ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை."

"எவ்வளவு நேரம்?"

"காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். அந்தப் பயிற்சி கொடுக்கிற பையன் வேர்த்துப் போயிட்டான், இவ வேர்க்கல."

காலையில் படித்த ஃபைலில் சனிக்கிழமையே இல்லை. வார நாட்களின் குறிப்புகள் மட்டும்தான் போயிருந்தன. எல்லாவற்றிலும் 'தூக்கக் கலக்கம்'.

அந்த மாடிக்குப் பொறுப்பான பெண் டாக்டர் லாஃப்டன் பதினொன்றரைக்கு வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். ஷூ நாடா ஒன்று அவிழ்ந்திருந்தது. கதவைத் தாண்டி உள்ளே வருவதற்குள் கார்லண்ட் பிடித்துக்கொண்டான்.

"டாக்டரம்மா, எங்க ஊர் ஊர்வலம் பார்த்திருக்கீங்களா? வண்டி மேலேருந்து பிள்ளைங்களுக்கு மிட்டாயை வீசுவாங்க. கை நிறைய அள்ளி, யார் மேல விழுதுன்னு பார்க்காம. நீங்க எல்லாரும் என் பொண்டாட்டிக்கு மாத்திரை கொடுக்கிறது அப்படித்தான் இருக்கு."

"சார், நான் புதுசா எழுதினது ஒண்ணே ஒண்ணுதான்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க! எல்லாரும் ஒண்ணே ஒண்ணு. எண்ணிப் பாத்தா ஏழு இருக்கு. ஹாஸ்கல்கிட்டக் கேட்டா ஆஸ்பத்திரிக்காரங்களைக் கேளுங்கறார். உங்களைக் கேட்டா ஹாஸ்கலைக் கேளுங்கறீங்க. நான் யாரைத்தான் கேக்கறது, பாலத்துக்கு நடுவுல நின்னு?"

டாக்டர் லாஃப்டன் கையிலிருந்த காகிதங்களைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். கோபப்படுவார் என்றுதான் டானிட்டா எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தான். எனக்கு இந்த மாடியில பதினெட்டுப் பேர். ஒருத்தருக்குப் பத்து நிமிஷம். அதுலயும் பாதி நேரம் இந்த இன்சூரன்ஸ்காரங்களுக்குப் போன் போட்டுட்டு, அவங்க வைக்கிற பாட்டைக் கேட்டுக்கிட்டு நிக்கறேன். இன்னிக்கும் பேசறேன். ஆனா முடியாதுன்னுதான் சொல்லப்போறாங்க. உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு இஷ்டமில்ல."

"என்னன்னு பேசப்போறீங்க?" என்றாள் டானிட்டா.

"அங்க போனா இவங்களுக்கு நல்ல பலன் இருக்கும்னு..."

"அப்படிச் சொல்லாதீங்க." குரல் அவள் நினைத்ததைவிடக் கறாராக வந்தது. "பலன் இருக்கும்ங்கிற வார்த்தையை அவங்க காதிலேயே வாங்கமாட்டாங்க. செஞ்சிருக்காங்கன்னு சொல்லுங்க. சனிக்கிழமை எத்தனை நிமிஷம், எத்தனை தடவை, எத்தனை அடி, அதைச் சொல்லுங்க. சனிக்கிழமைக் குறிப்பு அவங்களுக்குப் போகவே இல்ல. அதை முதல்ல அனுப்புங்க. அப்புறம், தூக்கக் கலக்கம் நோயால இல்ல, மருந்தாலன்னு சொல்லுங்க. ஒரே வேலையைச் செய்யற நரம்பு மாத்திரை ரெண்டு ஓடுது. எதை நிறுத்தினோம், எதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறோம்னு இன்னிக்குத் தேதி போட்டு எழுதிட்டுப் பேசுங்க. தேதி இல்லேன்னா நம்பமாட்டாங்க."

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். எழுதிக்கொண்டே, "ரெண்டு இருக்கா?" என்று பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. "ஆமா. இருக்கு. இது எங்க கண்ணுல பட்டிருக்கணும்."

பிறகு நிமிர்ந்து டானிட்டாவைப் பார்த்தார். "சனிக்கிழமைக் குறிப்பு போகலேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டானிட்டா குனிந்து ரீவாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

"இருபத்திரண்டு வருஷ நர்ஸுங்க அவ!" என்றான் கார்லண்ட், பெருமை பொங்க. "மோப்பம் பிடிச்சிடுவா."

டாக்டர் லாஃப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். காகிதங்களை எடுத்துக்கொண்டு விரைந்தார். ஷூ நாடா இன்னும் அவிழ்ந்தே இருந்தது.

*

இரண்டு மணிக்கு இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசத் தொடங்கிய டாக்டர் இரண்டரைக்கும் வரவில்லை. கார்லண்ட் வராந்தாவில் நடந்தான். தண்ணீர்க் குழாய் வரை போவான், திரும்புவான். டானிட்டா தங்கையின் இடது பாதத்தைக் கையில் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. கட்டைவிரலை அழுத்தினாள். முகத்தைப் பார்த்தாள். ரீவாவுக்குத் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அப்போதும் தெரியவில்லை.

இரண்டு ஐம்பதுக்கு டாக்டர் லாஃப்டன் கதவைத் திறந்தார். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"பதினாலு நாள் கொடுத்திருக்காங்க. அப்புறம் முன்னேற்றத்தைப் பார்த்து நீட்டிக்கலாம். நாளைக்குக் காலையிலேயே வண்டி வரும்."

கார்லண்ட் ஒரு சத்தம் போட்டான், பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு டானிட்டாவை அப்படியே தூக்கிவிட்டான். ஐம்பத்தொரு வயதுக்காரி, கால் தரையில் படாமல் தொங்கினாள்.

"விடுய்யா, தோள்பட்டை!"

"உனக்கு என்ன வேணும் சொல்லு! இந்த ஞாயித்துக்கிழமை விறகு அடுப்புல பன்றி விலா போடறேன், உனக்கு மட்டும் தனித் தட்டு. அழறியா நீ? ஏய் ரீவா, உங்க அக்கா அழறா பாரு!"

அவன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, லாரியைக் குவாரியில் விட்டு ராத்திரிக்குள் திரும்புவதாகச் சொல்லிப் போனான். டாக்டரும் போனார். அறை சட்டென்று அமைதியாகிவிட்டது.

மதிய மாத்திரையில் இரண்டை நிறுத்தியிருந்தார்கள். அதனாலோ என்னவோ, ரீவாவின் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"உட்காரேன்க்கா. காலையிலேருந்து நிக்கிறே."

உட்கார்ந்தாள்.

"ஹாஸ்கல் கிளினிக்குக்கு உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும் நான். செப்டம்பர்லயே. இன்னிக்குப் பேசின மாதிரி நீ அன்னிக்கு ரெண்டு வார்த்தை பேசியிருந்தா..." ரீவா சிரிக்கப் பார்த்தாள். "எனக்குத்தான் புத்தி இல்ல. அக்காவை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

எழுந்து வெளியே போய்விடலாம். காப்பி வாங்கி வருகிறேன் என்று சொல்லலாம். டானிட்டாவின் கால்கள் அதற்குத் தயாராகக்கூட ஆயின.

"ரீவா. உன் ஃபைல் என்கிட்ட வந்துச்சு."

"எந்த ஃபைல்?"

"ஸ்கேன் கேட்டு ஹாஸ்கல் எழுதினது. உன் அட்டையில வேற பேரு இருக்கும். ஆனா முடிவு பண்றது எங்க கம்பெனி. செப்டம்பர் பதினேழு, என் திரையில வந்துச்சு."

டானிட்டா நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து. சொந்தக்காரங்க ஃபைலைத் தள்ளிவிடணும், தள்ளிவிட்டேன். வேற யாரோ மறுத்தாங்க. நான் மறுக்கல. ஆனா தள்ளறதுக்கு முன்னாடி படிச்சேன். கால் இழுக்குதுன்னு ஹாஸ்கல் எழுதல. அதை எழுதினாலே கொடுத்திருப்பாங்க. எனக்கு அது தெரியும். உன்கிட்டச் சொல்லல.

"ஞாயித்துக்கிழமை சொன்னேனே உன்கிட்ட" என்றாள் ரீவா, மெதுவாக. "செருப்பு கழண்டு விழுதுன்னு."

"ஆமா."

"அது உனக்கு ஞாபகம் இருந்துச்சா? அந்தப் பட்டனை அமுக்கும்போது?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். நூற்றுக்கணக்கில் ஃபைல் பார்க்கிறவள், அந்த நேரத்தில் தோன்றவில்லை என்றால் யார் நம்பமாட்டார்கள்? ரீவாவே அதைத்தான் கேட்க விரும்பினாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"இருந்துச்சு" என்றாள் டானிட்டா.

ரீவாவின் கை நகர்ந்து போர்வையைப் பிடித்துக்கொண்டது. "ஏன்க்கா?"

"வேலை போயிடும்னு. பயந்துட்டேன். ஆறு வாரம்தானேன்னு நினைச்சேன். எல்லாருக்கும் எழுதறதுதானேன்னு..."

"எல்லாருக்குமா?"

டானிட்டா தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல் பார்ப்பே?"

"முப்பது."

"நாலு வருஷமா?"

"ம்."

"அதுல எத்தனை பேருக்குக் கால் இழுத்துச்சு?"

"ஃபைல்ல எழுதியிருக்காது ரீவா. எழுதாதது எதுவும் எனக்குத் தெரியாது."

"என்னோடது தெரியும்" என்றாள் ரீவா.

கத்தியிருக்கலாம். கையில் கிடைத்ததை எறிந்திருக்கலாம். சின்ன வயதில் ரீவா எறிவாள், சீப்பு, செருப்பு, எது கிடைத்தாலும். இப்போது அவள் தலையணையைச் சரிசெய்யப் பார்த்தாள். முடியவில்லை. டானிட்டா கை நீட்டினாள்.

"வேண்டாம். நர்ஸைக் கூப்பிடு."

டானிட்டா மணியை அமுக்கினாள். நர்ஸ் வந்து தலையணையைத் தூக்கி வைத்துவிட்டு, "வேற ஏதாவது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த இரண்டு நிமிஷமும் டானிட்டா சுவரோடு ஒட்டி நின்றாள், தெரியாத வீட்டுக்குள் வந்துவிட்டவள் மாதிரி.

"இன்னிக்கு நீ பேசினதாலதான் எனக்கு இடம் கிடைச்சுது" என்றாள் ரீவா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "அது இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா அதையும் இதையும் கூட்டிக் கழிச்சுப் பார்க்க என்னால இப்ப முடியல. இந்தப் பையோட எத்தனை நாளோ எனக்குத் தெரியாது. கார்லண்ட் பக்கத்துல படுக்க எனக்குக் கூசுது, தெரியுமா உனக்கு?"

"ரீவா..."

"அவன்கிட்ட நீயே சொல்லிடு. இன்னிக்கே சொல்லிடு. ராத்திரி வந்து உட்கார்ந்து உன்னைப் புகழ்வான். அதைக் கேட்டுக்கிட்டு என்னால சும்மா படுத்திருக்க முடியாது."

*

லிஃப்டில் இறங்கும்போது போன் அதிர்ந்தது. மேலதிகாரி போனியிடமிருந்து செய்தி. வழக்கமாகப் போனியின் செய்திகளில் ஒரு பூவோ சிரித்த முகமோ இருக்கும். இதில் எதுவும் இல்லை.

'டானிட்டா, இன்று காலை 7:42க்குத் திறக்கப்பட்ட ஒரு ஃபைல் பற்றிப் பேச வேண்டும். நாளை ஒன்பது மணி. என்னுடன் இன்னொருவரும் இருப்பார். அதுவரை கம்ப்யூட்டரில் எதையும் திறக்க வேண்டாம்.'

இரண்டு தரம் படித்தாள். ஆச்சரியம் என்னவென்றால், செப்டம்பரில் வந்த அந்தப் பயம் இப்போது வரவில்லை. ஒரு பட்டியல்தான் மனதில் ஓடியது. முப்பது, முப்பது, முப்பது. அதில் முகம் எதுவும் இல்லை, வெறும் பெயர்கள். ஒன்றிரண்டு ஞாபகத்துக்கு வந்தன. போர்ட்ஸ்மவுத்தில் ஒரு பஸ் டிரைவர். கேட்லெட்ஸ்பர்க்கில் ஒரு தையல்காரி. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூட அவள் விசாரித்ததில்லை.

வெளியே தூறல். கார்லண்டின் குவாரி லாரி, நிறுத்தக்கூடாத இடத்தில், உறுமிக்கொண்டு நின்றது. அவளைப் பார்த்ததும் அவன் உள்ளேயிருந்து கையை வீசினான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையெல்லாம் கல்தூசி. அவன் மடியில் கோடு போட்ட நோட்டு ஒன்று, காதில் பேனா.

"சரியான நேரத்துக்கு வந்தே நர்ஸம்மா. உட்கார்ந்து யோசிச்சேன். இதை இப்படியே விடப்போறதில்ல. கொலம்பஸுக்கு எழுதிப் போடப்போறேன், இன்சூரன்ஸ் புகாரெல்லாம் விசாரிக்கிற ஆபீசுக்கு. முதல் பேரு ஹாஸ்கல். ரெண்டாவது அந்தக் கம்பெனி. ஆனா கம்பெனின்னா யாரு? உள்ள ஒரு ஆள் உட்கார்ந்து படிச்சிருப்பான்ல? அவனுக்கும் ஒரு பேரு இருக்கும்ல? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு உனக்குத் தெரியும். நீ சொல்லு, சொல்லச் சொல்ல எழுதறேன். வேண்டாம், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நீயே எழுது."

நோட்டை அவள் மடியில் வைத்தான். பேனாவை எடுத்து நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. ஒன்பது நாளில் அவன் இப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

டானிட்டா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"கார்லண்ட்."

"ம்?"

"எஞ்சினை நிறுத்து. இந்தச் சத்தத்துல சொல்ல முடியாது."

சிரிப்பு மாறாமலே அவன் சாவியைத் திருப்பினான்.